தாலிக்கொடிக்கு ஒரு ரோமானியக் காசு

1992 ஆகஸ்டில் சென்னையிலிருந்து லண்டன் போனது கல்யாணத்துக்கு. பெரியம்மா மகன் சிவநேசன் அண்ணையின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். ஃபாரஸ்ட் கேட் வீட்டில் பெட்டியை இறக்குவதற்குள் அண்ணை ஒரு வெள்ளிக் காசை நீட்டினார். ஒரு பக்கம் மூக்கு நீண்ட சக்கரவர்த்தி, மறுபக்கம் கோத்த இரண்டு கைகள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய ரோமானியக் காசாம்.

"கைப்பிடிக்கிற படம் தம்பி! இதைப் பாத்துத் தங்கப் பவுணில ரெண்டு காசு செய்விச்சுப் பிள்ளையின்ர கொடியில கோக்கப் போறன்."

சந்தேகம் என் கூடப்பிறந்தது. இரண்டாயிரம் வருடக் காசு சந்தையில் சும்மா கிடக்குமா? போலியைப் பார்த்துத் தாலிக்கொடி செய்தால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் சிரிப்பார்களே.

மறுநாள் காசை நிபுணரிடம் காட்ட, அண்ணையை இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். காலை 9.40 ரயில், ஒன்பதரைக்கு முன் ஏறினால் டிக்கெட் விலை கூட. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பாதாள ரயிலில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, அங்கிருந்து பத்து நிமிட நடை. அருங்காட்சியகத்தில் காசைப் பார்த்துச் சொல்லப் பணம் வாங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நாணயப் பிரிவு அம்மையார் லென்ஸை வைத்துப் பார்த்து, அசல்தான் என்றார். அண்ணை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் நான் விடவில்லை, அந்தக் கோத்த கைகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

அது கல்யாணம் இல்லையாம். சுற்றியுள்ள எழுத்து, 'படைகளின் ஒற்றுமை'. படை தன் பேச்சைக் கேட்காத ஒரு கிழட்டுச் சக்கரவர்த்தி, ஒற்றுமையாக இருக்கிறோம் என்று ஊரை நம்பவைக்க அடித்த காசு.

திரும்பும் ரயிலில் அண்ணை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டியதும் சொன்னார்: "சமாதானம் எண்டு ரேடியோவில சொன்ன கிழமைதான் ஊரில எங்கட வீட்டில செல் குண்டு விழுந்தது."

நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்புப் போய்விடும். பார்த்துச் சொல்லும் வசதி இப்போதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கேள்வியை எங்கே நிறுத்துவது என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள்.

கல்யாணத்தன்று கவிதாவின் தாலிக்கொடியில் இரண்டு தங்கக் காசுகள் தொங்கின. இரண்டிலும் கோத்த கைகள். திருப்பிப் பார்த்தேன், மறுபக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

"கை இருக்கட்டும் தம்பி," என்றார் அண்ணை. "ராசாவைத்தான் நான் நம்பமாட்டன்."