பலகைக்கு மேல் எரிந்த விளக்கு

அப்பாவைப் புதைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு சிலாந்தோய் வேலைக்குத் திரும்பினாள். சோலார் தகடு பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் அவள் தொழில். முதல் அழைப்பே கென்யாவின் தலெக் ஆற்றங்கரையில் அப்பா வேலை பார்த்த சுற்றுலா முகாமிலிருந்துதான். பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையாம்.

வாசல் பலகையில் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மேலே ஒரு விளக்கு. இறந்தவர் பெயரை அவள் இனத்தவரான மாசாய்கள் வாயில் எடுப்பதில்லை. அதே பெயர் கொண்ட உறவினர்கூட வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். பலகையைக் கழற்றச் சொல்லி முகாம்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். அந்தப் பெயரை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்றார் அவர்.

முப்பது வருடம் அப்பா இங்கே, சுற்றுலா வந்தவர்களுக்கு, சிங்கத்தைக் கொன்ற வீரர். சிவப்புப் போர்வை, ஈட்டி, காலில் தழும்பு. தழும்பு, மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் சுட்டது. சிங்கம் அவரைத் தேடி வந்தது ஒரே ஒரு முறை. அன்று அவர் வீட்டுக்குள் நின்று பாத்திர மூடியைத் தட்டினார். சிங்கம் போய்விட்டது, கன்றுக்குட்டியோடு. மறுநாள் முகாமில் சொன்ன கதையில் சிங்கம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. வீட்டில் அவர் அதிகம் பேச மாட்டார். பேச்செல்லாம் முகாமிலேயே செலவாகிவிடும்.

சிலாந்தோய் பேட்டரி முனையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, காலையில் சிங்கம் பார்த்துவிட்டு வந்த டென்மார்க் குடும்பம் ஒன்று மரத்தடியில் உட்கார்ந்தது. சித்தப்பா மகன் திபிஸ், அப்பாவின் போர்வையைப் போர்த்தியபடி முன்னால் வந்து, அப்பாவின் பெயரைத் தன் பெயராகச் சொன்னான். பிறகு கால்சட்டையைத் தூக்கி, கால்பந்து ஆடி வாங்கிய தழும்பைக் காட்டினான்.

கதை முடிந்ததும் அவனை முகாம் குடிசை ஒன்றின் பின்னால் இழுத்துப் போனாள்.

"டேய், உனக்கு வெக்கமே இல்லியா? மண்ணு காயறதுக்குள்ள அந்தப் பேர வாயில எடுக்கற!"

"செத்தவர் பேரையா சொன்னேன்? எம் பேரச் சொன்னேன்க்கா. முகாம்காரர் இந்தப் பேர் இருந்தாத்தான் வேலைன்னுட்டார்."

"ஊரே பேர மாத்திக்குது. நீ மட்டும் எடுத்து மாட்டிக்கிறியா?"

"பெரியப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு."

சிரித்திருப்பார்தான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது அந்தக் குடும்பத்தின் சிறுமி கேட்டாள்:

"உங்க தலைல ஏன் முடி இல்ல?"

"அப்பா செத்துட்டார்."

"அவர் பேரு என்ன?"

"சொல்லக் கூடாது."

சிறுமியின் அம்மா நெகிழ்ந்துபோனாள். "எவ்வளவு அழகான மரபு!" என்று சொல்லி, பலகைக்குக் கீழே மகளை நிறுத்திப் படம் எடுத்தாள்.

சிலாந்தோய் பேட்டரியைச் சரிசெய்தாள். பிறகு ஏணியை நகர்த்தி, பலகைக்கு மேலிருந்த விளக்கைக் கழற்றிப் பையில் போட்டாள். அது அவள் வாங்கி வந்து மாட்டியது. பலகைதான் முகாமுடையது.

இருட்டத் தொடங்கியதும் திபிஸ் போன் செய்தான்.

"அக்கா, வாசல் விளக்கு எரியல. பேரே தெரியல."

"தெரிய வேணாம்."

"விளக்கு எங்க போச்சு?"

"பட்டில."

அப்பாவின் மாட்டுப் பட்டியில், முள்வேலிக் கம்பத்தில், அவள் மாற்றி அமைத்தபடி, அது விட்டுவிட்டு எரிந்தது. அப்படி மினுங்கினால் சிங்கம் கிட்டே வராது. கன்றுகள் படுத்து அசைபோட்டன.