வாடகைக் கண்கள்

கடைப் பலகையில் ஸ்டூடியோவுக்கு என்னவோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. கண்ணக்கா கடை என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். செத்துப்போனவர்களின் கண்ணைத் திறந்துவைப்பது அவள் தொழில். பயப்பட வேண்டாம், படத்தில்தான். ஆள் இருக்கும்வரை ஒரு நல்ல படம் எடுத்துவைக்கத் தோன்றாத குடும்பங்கள், ஆள் போன பிறகு, ஏதோ கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். "சுவத்துல மாட்டணும்க்கா, கொஞ்சம் முழிக்க வெச்சுக் குடுங்க" என்பார்கள்.

முழிக்க வைக்கக் கண் வேண்டுமே. அதற்கு அவளுக்கு அண்ணன் இருந்தான். வேலைவெட்டி இல்லாத மதியங்களில் ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பான். "சும்மாதானே இருக்கே, ஆடாம இரு" என்று அதட்டி, அவன் கண்களை மட்டும் வெயிலிலும் நிழலிலும், மேலே பார்க்கவும் கீழே பார்க்கவும் வைத்துப் படம்பிடித்துக் கணினியில் சேர்த்தாள். நிறத்தையும் இமையையும் கொஞ்சம் மாற்றினால் எந்த முகத்துக்கும் பொருந்தின. இடக்கண்ணின் கருவிழியோரம் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி. அதை மட்டும் அழிக்க மாட்டாள். ஓவியர்கள் மூலையில் கையெழுத்துப் போடுவதில்லையா, அப்படி.

ஆக, ஊரில் பாதிச் சுவர்களிலிருந்து ஆண் பெண் பேதமில்லாமல் அவள் அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தால் உதைக்க வருவார்கள் என்று அவள் மூச்சுவிடவில்லை. அண்ணனுக்கு மட்டும் தெரியும். "செத்தாலும் என்னைச் சும்மா விடமாட்டே போல" என்று சிரிப்பான். போன வருஷம் அவனும் போய்விட்டான்.

இந்த வேலைக்கான மென்பொருளை அவள் காசு கொடுத்துப் பெட்டியோடு வாங்கியிருந்தாள். வாங்கினால் நம்முடையது என்று நம்புகிற பழைய மனுஷி. ஒரு காலை திரையில் அறிவிப்பு வந்து நின்றது: இந்தப் பதிப்பு இனி இயங்காது, மாதாமாதம் சந்தா கட்டினால் புதியது கிடைக்கும், உங்கள் கோப்புகளை நாங்களே பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். வீட்டை விற்றுவிட்டுப் போனவன் திரும்பி வந்து வாடகை கேட்டால் எப்படியிருக்கும்! மேசையில் வேலை குவிந்து கிடந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். அடுத்தடுத்து ஏதேதோ அனுமதி கேட்டது. படித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்தினாள். கோப்புகள் மொத்தமும் கம்பெனிக்காரன் இடத்துக்குக் குடிபோயின.

புதிய பதிப்பில் 'கண் திற' என்று ஒரு பொத்தான் இருந்தது. அன்று கையில் இருந்தது ஒரு தபால்காரரின் படம். கம்பெனிக்காரன் என்னத்தைக் கிழிக்கிறான் பார்ப்போம் என்று அழுத்தினாள். இமைகள் மெல்லப் பிரிந்தன. அண்ணன் அவளைப் பார்த்தான். இடக்கண்ணில் அந்தப் புள்ளி.

தான் சேர்த்துவைத்த கண் கோப்புகளை அவள் தொடக்கூட இல்லை. யாரோ தூர தேசத்துக் கிழவி வெயிலில் தூங்கும் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டாள். கிழவியும் விழித்தாள். அங்கேயும் அண்ணன். சந்தாவை அப்போதே நிறுத்தினாள்.

சில வாரம் கழித்து அண்ணி வந்தாள், ஒரு குழுப்படத்தோடு. அண்ணன் நடுவில் நின்று சிரிக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு. விளக்கு மின்னினால் மூடிக்கொள்கிற ஜாதி அவன்.

"ஊருக்கெல்லாம் பண்ணிக் குடுத்தே. உங்க அண்ணனுக்கு ஒண்ணு பண்ணலையேம்மா" என்றாள் அண்ணி.

பண்ணத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. இனித் தள்ளிப்போட முடியாது. கணினியைத் திறந்தால் கண்கள் இருந்த இடத்தில் ஒரு பூட்டுப் படம். கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல், தேன் தடவினது போல.

"உங்க கோப்பெல்லாம் பத்திரமா இருக்கு மேடம். சந்தாவப் புதுப்பிச்சா உடனே திறந்துடும்."

"அது எங்க அண்ணன் கண்ணும்மா."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஆமா மேடம், இப்ப பாத்துட்டுதான் இருக்கேன். ரொம்ப நல்ல கண்ணு. நிறைய பேரு பயன்படுத்துறாங்க."

"அவரு செத்துப் போயிட்டாரு."

"அதனால ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். எங்ககிட்ட அது எப்பவும் திறந்தேதான் இருக்கும்."

போனை வைத்துவிட்டாள். அண்ணன் கண்ணுக்கு இவர்களிடம் வாடகை கட்டுவதா? உயிரே போனாலும் மாட்டேன் என்று கேமராவை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனாள். அங்கே கல்லாவுக்கு மேலே கடைக்காரரின் அப்பா படம், அவள் எப்போதோ செய்து கொடுத்தது. காகிதத்தில் அச்சானதை யாரும் பூட்ட முடியாதல்லவா. "படம் மங்குதான்னு பாக்கணும்" என்று சாக்குச் சொல்லி, நாற்காலி மேல் ஏறி அந்தக் கண்களைப் படம்பிடித்தாள். பெரியவர் அவளையே பார்த்தார். இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு சின்ன மென்பொருளில் மல்லுக்கட்டி, கண்களை அண்ணன் முகத்தில் பொருத்தினாள். சொந்தக் கண், சொந்த முகம். இதைவிடச் சரியாக அவள் எந்தப் படமும் செய்ததில்லை.

சட்டம் போட்டு, அண்ணி வீட்டுக் கூடத்தில் அவளே மாட்டினாள். அண்ணி வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"என்ன அண்ணி?"

"முகம் அவருதான். கண்ணுதான் மளிகைக்கடைப் பெரியவரு கண்ணு. தினமும் கல்லாகிட்ட நின்னு பாக்குறேனே, எனக்குத் தெரியாதா?"

"ஐயோ, இல்ல அண்ணி, இது அண்ணனோட..." கம்பெனிக்காரன் திருடுவதற்கு முன்னாலேயே, வீடு வீடாக அவள்தான் அந்தக் கண்ணைக் கொடுத்துத் தீர்த்திருக்கிறாள்.

அண்ணி படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாள்.

"தப்பா நெனைக்காதேம்மா. வேற யாரோ வீட்டுக்குள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு. அந்தக் கண்ண மூடின படத்தையே பெருசாக்கிக் குடு. அதுலன்னா அவரு கண்ணு உள்ளயே இருக்கும்ல."