திருஷ்டி பொம்மையில் ஊற்றிய ரம்

காக்டெயில் கலக்குகிறவளுக்குக் கையை விட வாய்தான் அதிகம் வலிக்கும். என்ன கலக்குகிறாய், எதற்குக் கலக்குகிறாய் என்று கேட்கிற எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டுமே! வீட்டு அடுப்படியில் ஷேக்கரும் கையுமாக நிற்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

நான் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் பாரில் வேலை பார்த்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால் கணவருக்குக் காரைக்குடியில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இந்தப் பக்கம் பாரில் வேலை கேட்டு ஒரு பெண் போனால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பாவம் பார்ப்பார்கள். கானாடுகாத்தானில் தன் பெரிய வீட்டை ஹோட்டலாக நடத்தும் ஓர் ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. "வெளிநாட்டுக்காரவுக நெறையா வாராக. பார் ஒண்ணு தொறக்கப்போறோம். அடுத்த மாசம் வந்து மூணு தினுசு கலந்து காட்டுங்க, பாப்போம்" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும், வெறியோடு வேண்டும். விட்டால் இந்த ஜில்லாவில் வேறு கதவு கிடையாது. ஆக, எங்கள் வீட்டு அடுப்படி ஒரு மாதத்துக்கு பாராக மாறியது.

சாருக்கு வழி விடுங்க

கலக்கச் சரக்கு வேண்டும். அதற்கு அரசு மதுக்கடைக்குப் போக வேண்டும். என் கணவர் சோடா குடித்தாலே கண் கலங்குகிறவர். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் காய்கறிப் பை என்று கிளம்பினார். ஒரு ரம், ஒரு விஸ்கி, அவ்வளவுதான். பெயரை மனப்பாடம் செய்து அனுப்பியிருந்தேன்.

வரிசையில் கடைசியில் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேதியியல் பாடத்தில் இவரிடம் அரியர் வைத்துத் தேறிய பழைய மாணவன் ஒருவன் முன்னால் நின்றிருக்கிறான். மாஸ்க்கைத் தாண்டிக் கண்டுபிடித்துவிட்டான். அவன் போட்ட சத்தம் பேருந்து நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"சார், நீங்க போயி வரிசையில நிக்கலாமா? முன்னாடி வாங்க சார்! டேய், எங்க கெமிஸ்ட்ரி சார்டா, வழி விடுங்கடா!"

உண்டியல் சத்தம்

ஷேக்கர் என்பது வாய் மூடிய எவர்சில்வர் டம்ளர்தான். உள்ளே ஐஸ் போட்டு, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்க வேண்டும். செலவு கட்டுபடியாகாது என்பதால் பாதி நாள் வெறும் ஐஸும் தண்ணீரும் போட்டுத்தான் பயிற்சி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆரம்பிப்பேன்.

பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் வந்து, உட்காராமல், என் மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெனமும் விளக்கு வச்ச நேரத்துல உண்டியலக் குலுக்கிக் குலுக்கிப் பாக்குறீகளே, பழனிக்குப் போக இன்னும் எம்புட்டுக் கொறையுது? சொன்னா நாங்களும் ஏதாச்சும் போடுவோம்ல."

மஞ்சக்கரு வாரம்

ஆச்சிக்குக் காட்ட வேண்டிய மூன்றில் ஒன்று விஸ்கி சவர். விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, முட்டையின் வெள்ளைக்கரு. குலுக்குகிற குலுக்கலில் மேலே நுரை திரண்டு நிற்க வேண்டும். எனக்கோ அது நிற்காமல் உட்கார்ந்துகொண்டே இருந்தது. குழந்தை பெற்ற பிறகு கை மறந்துவிட்டதோ என்று ஒரு நாள் உண்மையாகவே அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு முட்டையை உடைத்தேன்.

வெள்ளை எனக்குப் போயிற்று. மஞ்சள் யாருக்கு? என் மாமியார் எதையும் வீணாக்க மாட்டார். திங்கட்கிழமை மஞ்சக்கரு பொடிமாஸ். செவ்வாய் மஞ்சக்கரு குழம்பு. புதன்கிழமை சப்பாத்திக்கு உள்ளேயும் அதுவே எட்டிப் பார்த்தது. வியாழக்கிழமை சாப்பாட்டில் என் கணவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தயிரை ஊற்றிக்கொண்டார். அன்று சாயங்காலம்தான் நுரை நின்றது. ஸ்பூனை வைத்தாலும் அமுங்காத நுரை! ஓடிப்போய் மாமியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இனிமே மஞ்சக்கருவுல கலக்குற சரக்கு எதுவும் இருந்தா அதைப் படிச்சுக்க தாயி, வகுறு தாங்கல."

டிக்கி

மூன்றாவது சரக்கு டிக்கி. ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, பாதாம் பாகு எல்லாம் கலந்து, முழிக்கண்ணும் இளித்த பல்லுமாக முகம் செதுக்கிய பீங்கான் கோப்பையில் ஊற்றித் தருவது. பசிபிக் தீவுகளை நினைத்து அமெரிக்காவில் உண்டாக்கிய பாணி. இதையெல்லாம் மீனாட்சி அக்காவின் கணவர் ராமுவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். வண்டி ஓட்டாத நாட்களில் என் சரக்கை ருசி பார்க்கத் தானாக முன்வந்த தியாகி.

அவர் தீவு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"இதைப் போயி அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சானா? எங்க ஸ்டாண்டுல காலங்காலமா டிக்கியத் தொறந்து வச்சுத்தான குடிக்கிறோம்!"

சாரத்தில் ஒரு முகம்

அந்தக் கோப்பையை ஆன்லைனில் வரவழைத்தேன். விலையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். பார்சல் வந்த அன்று நான் மகளைக் கூட்டிக்கொண்டு ஊசி போடப் போயிருந்தேன். அந்தச் சமயம் எங்கள் வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தால், தெருவைப் பார்த்த சாரக் கம்பில், கழுத்தில் தேங்காய்க் கயிறு, நெற்றியில் குங்குமத்தோடு என் டிக்கிக் கோப்பை தொங்குகிறது. மாமியார் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாடிக்குக் கண்ணு படக்கூடாதுன்னு ஒனக்காத் தோணிருக்கு பாரு. எம் மகனுக்குத் தோணுச்சா?" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அது ரம் ஊற்றுகிற பாத்திரம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழுமா?

மேலே சாந்து பூசிக்கொண்டிருந்த கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கடையிலக்கா வாங்குனீக? நம்ம ஊருப் பொம்மைக்கு இம்புட்டு உக்கிரம் வராது."

கானாடுகாத்தான்

ஆச்சி சொன்ன நாள் வந்தது. மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் சாரத்தில் ஏறி, கயிற்றை அறுத்து, தேய்த்துக் கழுவினேன். எண்ணெயில் குழைத்து வைத்த குங்குமம் போவேனா என்றது. ராமு அண்ணன் காரில் என்னையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். சாமான் டிக்கியில்தான்.

ஆச்சி குடிக்க மாட்டார். குடிப்பதற்கு அவருடைய அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தார். முதலில் விஸ்கியில் சர்க்கரையும் துளிக் கசப்பும் சேர்த்த ஓல்ட் ஃபேஷன்ட் கொடுத்தேன், "நல்லாருக்கு" என்றார். நுரை நின்ற விஸ்கி சவர் கொடுத்தேன், அதற்கும் "நல்லாருக்கு" என்றார். அவர் தண்ணீருக்கும் அதையேதான் சொல்வார் என்று தெரிந்துபோயிற்று. ஆச்சியின் முகத்திலோ ஒன்றும் தெரியவில்லை.

டிக்கியை ஊற்றி வைத்தேன். ஆச்சி அண்ணன் மகனைத் தடுத்துவிட்டு, கோப்பையைத் தன் பக்கம் திருப்பினார். முழிக்கண்ணைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். "இதென்ன, குங்குமமா?" என்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. பார்சல், சாரம், மாமியார், கயிறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஆச்சி சிரிக்கவில்லை. அண்ணாந்து தன் வீட்டுத் தேக்குத் தூண்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வாரவுக எல்லாரும் வாயப் பொளந்து இந்த வீட்டக் கண்ணு வச்சுட்டுப் போறாக, நானும் என்ன செய்யிறதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். மேசைக்கு ஒண்ணா இதைய வச்சுருங்க. திங்கக்கெழமையே வேலைக்கு வந்துருங்க."

நட்சத்திர ஹோட்டலில் நான் கற்ற வித்தையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, வேலை வாங்கிக் கொடுத்தது என் மாமியார் வைத்த பொட்டுதான். எங்கள் மாடிக்கு இப்போது கடையில் வாங்கிய பொம்மை ஒன்று தொங்குகிறது, கொத்தனார் சொன்ன மாதிரியே அதற்கு உக்கிரம் போதவில்லை.