கரண்டோடு நடந்த மாயாண்டி

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிரைவராக இருந்த மாயாண்டி கண்ணைத் திறந்துகொண்டு செய்த வேலை ஒன்றே ஒன்று: கார் ஓட்டுவது. மற்றதையெல்லாம் மூடிக்கொண்டுதான் செய்தான். அதைத் தூக்கம் என்று சொன்னவர்கள் உண்டு. பாவம், மின்சாரம் அறியாதவர்கள்.

ஒயருக்குள் ஓடுவதை யாரும் கண்ணால் கண்டதில்லை. காண முடியாததைத் தேடக் கண் எதற்கு என்பது மாயாண்டியின் கட்சி. காரில் பழுது வந்தால் பேட்டரிப் பெட்டியருகே குந்தி, இமைகளை மூடி, தன்னையே கரண்டாக நினைத்துக்கொள்வான். பேட்டரி வாசலிலிருந்து புறப்பட்டு ஒயர் வழியே மெல்ல நடப்பான். எங்கே கால் இடறுகிறதோ அங்கே பழுது. சில நாள் அப்படியே தங்கா பத்துக் கடற்கரை வரை போய்விடுவான். திரும்பி வரத் தாமதமாகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அவன் கல்யாணமே ஓர் ஒயரில் தொங்கியது.

பெண் புக்கிட் ரம்பாய்த் தோட்டத்தில் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ராஜம்மா. அவள் தாய் காளியம்மாவுக்குக் கண் மங்கல். முன்பு ஒருவன் டிரைவர் என்று சொல்லிக்கொண்டு பெண் கேட்டு வந்து, பரிசத்தன்று மாட்டு வண்டியோடு நின்றிருந்தான். ஆகவே அவள் மாயாண்டியிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்:

"எனக்குக் காதுதான் சாட்சி. கார் ஆர்னு சத்தம் எங்க லயத்து வாசல்ல கேக்கணும். கேட்டாத்தான் பொண்ணு. ரப்பர் பந்தை அமுக்கிப் பாம் பாம்னு ஏமாத்தலாம்னு பாக்காதே. அது ரொட்டிக்காரன் சைக்கிள்லயே இருக்கு."

கார், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி விஜயரட்ணத்துடையது. யாழ்ப்பாணத்து மனிதர், இளகிய மனம். காரை இரவல் தந்தார். காரைப் பிரிந்திருக்க முடியாமல் தானும் ஏறிக்கொண்டார்.

பனி மூட்டத்தில் ரப்பர் மரங்கள் பாதி தெரிந்தும் பாதி கரைந்தும் பின்னால் போயின. எங்கோ காய்கள் வெடித்து உதிர்ந்தன. கார் ஓடியது என்பதைவிட மிதந்தது என்பதே சரி. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நிறுத்தி, மாயாண்டி ஆர்ன் பொத்தானை அமுக்கினான்.

சத்தமில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தான். அதுவும் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது தனக்கு வேண்டிய நெருப்பைத் தன் மேக்னெட்டோவிலேயே உண்டாக்கிக்கொள்வது. பேட்டரியை நம்பிப் பிழைத்தவை ஆர்னும் விளக்கும்தான்.

வாசலிலிருந்து காளியம்மா கத்தினாள். "யாரது? லாரியா?"

"கார்தாம்மா," என்றாள் ராஜம்மா.

"நீ சும்மா இருடி. உனக்கு அவன் நடந்து வந்தாலும் கார்தான்."

மாயாண்டி எஞ்சினை நிறுத்தி இறங்கினான். கிராணி நகர்ந்து டிரைவர் இடத்தில் உட்கார்ந்து, நெற்றி சுருங்கப் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். "நான் அமத்திக்கொண்டே இருக்கிறன். நீ பார்."

மாயாண்டி பேட்டரியருகே குந்திக் கண்ணை மூடினான். புறப்பட்டான். ஒயரின் செம்பு நிறச் சாலையில் வெயில் இதமாக இருந்தது. பியூஸ் என்னும் சிறு பாலம் உறுதியாக இருந்தது. பொத்தானைத் தாண்டி ஆர்ன் வரை போய்விட்டான். அங்கே ராஜம்மா வளையல் குலுங்க நின்றாள். போவானேன் என்று அங்கேயே நின்றுவிட்டான்.

"மாயாண்டி! நித்திரையோ?"

"இல்லீங்கய்யா. கரண்டுகூட நடந்துகிட்டிருக்கேன். ஆர்ன் வரைக்கும் வழி சுத்தமா இருக்கு."

"அங்கேயே நிண்டால் சரியோ? பின்னேரம் நான் வீட்டுக்குத் திரும்பவேணும். போக வழி இருந்தாப் போதாதடாப்பா, வாறதுக்கும் வழி வேணும்!"

மாயாண்டி கண்ணைத் திறந்தான். இத்தனை வருஷ யாத்திரையில் அவன் ஒருமுறையும் திரும்பி நடந்ததில்லை. ஆர்னுக்குப் போக ஒயர் உண்டு. வருவதற்கு ஒயர் கிடையாது. காரின் இரும்பு உடம்பே கரண்டு வீடு திரும்பும் பாதை.

பக்க விளக்கின் பல்பைக் கழற்றினான். இரண்டு துண்டு ஒயர் கோத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தான். எரிந்தது. ஒயர் போகும் முனையில் ஒன்றை விட்டு, மற்றதைக் காரின் இரும்பில் வைத்தான். எரியவில்லை. அப்படியானால் பேட்டரியின் மறுமுனைக்கும் இரும்புக்கும் நடுவே உறவு முறிந்திருக்கிறது. அங்கே ஒரு செம்புப் பட்டை, ஒரே ஒரு போல்ட்டு.

போல்ட்டைக் கழற்றினான். கமகமவென்று சந்தன வாசனை வந்தது.

நேற்றுப் பூஜைக்காகப் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் அவன்தான். ராஜம்மா கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மற்ற இடங்களுக்கு ஒரு பொட்டும் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கைப்பிடியும் சந்தனம் அப்பி முடுக்கியவனும் அவனே. இரவில் அது காய்ந்து சுவராகியிருந்தது. வேண்டுதல் பலமாகத்தான் இருந்திருக்கிறது. கரண்டால்கூடத் தாண்ட முடியவில்லை.

"என்ன கண்டனீ?" என்றார் கிராணி.

"பக்திங்கய்யா."

சுரண்டித் துடைத்தான். பட்டையை இரும்பில் வைத்தான். கிராணியின் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

புக்கிட் ரம்பாய் அதுவரை கேட்டிராத ஓர் அலறல் பனியைக் கிழித்தது. கோழிகள் கூரை ஏறின. மாயாண்டி போல்ட்டை முடுக்கிய பிறகும் அது ஓயவில்லை. கிராணிக்கு விரலை எடுக்க மனம் வரவில்லை.

காளியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "போதும்லா! நிப்பாட்டச் சொல்லு! பொண்ணைக் குடுத்துர்றேன்!"

"கார்தானேம்மா?" என்றாள் ராஜம்மா.

"கப்பலாவே இருந்துட்டுப் போகுது!"

பின்னாளில் அந்தக் காருக்குச் சந்தனம் வைக்கும் உரிமை ராஜம்மாவுக்கே போனது. கண்ணாடியில் ஒரு பொட்டு, அதோடு சரி. அன்று காலையோ, விரலில் சந்தனமும் கிரீசும் கலந்து மணக்க மாயாண்டி வாசலை நோக்கி நடந்தான். கண் திறந்திருந்ததா என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.