பேட்டரி தீரும் வரை

குளிர்கால வெயிலில் காய்ந்த பேட்டரியைக் கையில் எடுத்தால், அடைகாத்த முட்டையைத் தொட்டதுபோல் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். தீர்ந்துபோனவற்றை மொட்டைமாடிச் சுவரில் அடுக்கி மதியம் வரை காயவைத்தால் இன்னும் நாலு பாட்டுக்கு உயிர் வரும் என்று, டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில், நானும் மாடிவீட்டுப் பம்மியும் திடமாக நம்பினோம். எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். எனக்குப் பதினான்கு வயது, அவளுக்குப் பதினாறு. அவள் ஜலந்தர்க்காரர்களின் பெண். நான் அவளோடு இந்தியிலேயே சண்டைபோட்டு இந்தியிலேயே சமாதானமாகும் பாளையங்கோட்டைக்காரி.

பம்மியின் அண்ணன் எங்கெங்கோ பதிவுசெய்து கொண்டுவரும் ராக் பாடல்களை ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் ஒன்றாயிருந்த அவர்கள் வீட்டு "டூ-இன்-ஒன்"னில் போட்டு, கயிற்றுக்கட்டிலில் நிலக்கடலை உரித்தபடி கேட்போம். பெட்டி அவளுடையது, பேட்டரி என் பங்கு. பாதி வார்த்தை புரியாது. அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. கித்தார் அலறத் தொடங்கினால், பள்ளியில் என்னை "மதராசி" என்று கூப்பிட்டவர்களெல்லாம் எங்கோ போய்விடுவார்கள். துணி காயப்போட வரும் அம்மா நின்று பார்ப்பாள். "ஏட்டி, எவனோ பல்வலில கத்துதான், நீ எதுக்குத் தலைய ஆட்டுத?" அப்பாவின் கவலை வேறு. "கேட்டாச்சுன்னா பட்டுனு அணைச்சிரு. பேட்டரி என்ன மரத்துலயா காய்க்கு?"

ஒரு ஜனவரி மதியம், ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில் மாணவர்களின் ராக் குழு வாசிக்கிறது என்று பம்மி என்னை இழுத்துக்கொண்டு போனாள். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. பாடியவன் அம்மா பின்னிய ஸ்வெட்டரிலும் டிரம் வாசித்தவன் குரங்குக்குல்லாவிலும் இருந்தார்கள். அந்தக் கோலத்திலும் அவர்கள் எங்களுக்குத் தேவர்களாகத்தான் தெரிந்தார்கள். பம்மி பெட்டியை மடியில் வைத்துப் பதிவுசெய்துகொண்டிருந்தாள். நன்றாகச் சூடுபிடித்த ஒரு பாட்டின் நடுவே கரண்ட் போயிற்று. கித்தார்கள் ஊமையாக, டிரம்காரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான்; மைதானம் முழுக்கக் கைதட்டி அவனுக்குத் துணை நின்றது. கரண்ட் திரும்பி, விட்ட இடத்தில் கித்தார்கள் வந்து சேர்ந்த அந்தக் கணத்தில் நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். பிறகு எத்தனையோ கச்சேரிகளுக்குப் போய்விட்டேன். அந்தச் சந்தோஷம் மறுபடி வரவில்லை.

அந்த வருஷமே பம்மியின் அப்பா ஓய்வுபெற்றார். அரசாங்க வீடு அல்லவா, காலிசெய்துகொண்டு ஜலந்தர் போய்விட்டார்கள். கட்டிலும் அவர்களோடு போயிற்று. நான் மொட்டைமாடிக்கு ஏறுவேன், சற்றுநேரம் நிற்பேன், இறங்கிவிடுவேன். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அம்மா கேட்பாள். பம்மி இல்லாத டெல்லியில் எனக்கு யாருமே இல்லை.

அடுத்த குளிரில் பம்மியிடமிருந்து ஒரு கேசட் வந்தது. பத்து நிமிஷம் பேசியிருந்தாள்: புதுக் கல்லூரி, பனிமூட்டம், என்னைப்போல் ராக் கேட்க ஒருத்தியும் அங்கே அகப்படவில்லை என்ற அலுப்பு. "அச்சா, சல்", சரி, வரட்டுமா, என்று முடித்தாள். பிறகு வெறும் இரைச்சல். அப்பாவின் சொல்லுக்குப் பயந்து பட்டென்று அணைத்துவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பாளையங்கோட்டைப் பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் இடையே ஒரே கேசட்தான் வருஷக்கணக்காக ரயிலேறிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம்; அவர்கள் கேட்டுவிட்டு, முதலுக்குச் சுற்றி, நாங்கள் பேசியதன் மேலேயே பதில் பேசி அனுப்புவார்கள். "பேசுனதுக்கு மேலயே பேசு, புதுசு எதுக்கு?" என்பது அப்பாவின் சட்டம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆகவே பம்மியின் கேசட்டையும் முதலுக்குச் சுற்றி, பேட்டரியில் ஓடும் எங்கள் பழைய டேப்ரெக்கார்டரில் போட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒரு வருஷத்துப் பேச்சு. பெட்டி தானாக நிற்கும் வரை நிறுத்தவில்லை. நாடா தீர்ந்தது என்று எண்ணி அனுப்பிவைத்தேன்.

இரண்டு வாரத்தில் கேசட் திரும்பி வந்தது, உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தோடு. அது மைதானத்தில் பதிவுசெய்த அதே கேசட்டாம். தொடக்கத்து அறிவிப்புகளை அழித்துத் தன் பேச்சை வைத்து, அதன்பின் கச்சேரியை அப்படியே விட்டிருந்தாளாம். நான் திடுக்கிட்டு மகிழவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லையாம். "இருந்தது அது ஒன்றுதான். இனி நீயே வைத்துக்கொள்." மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது எழுத வெட்கம் விடவில்லை. அந்தக் கேசட்டை எந்தப் பெட்டியிலும் போட்டுக் கேட்கவும் இல்லை.

இப்போது டெல்லியிலேயே, துவாரகாவில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். வெயிலில் பேட்டரி காயவைப்பார் இல்லை, கேசட்டில் கடிதம் பேசுவாரும் இல்லை. சென்ற வருஷம்தான் மனம் துணிந்து, அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்துக் கைப்பேசியில் ஏற்றி வாங்கினேன்.

கேட்கச் சகிக்கவில்லை. என் குரல் போகப்போக வேகமெடுத்துக் கீச்சுக்குரலாகி, ஒரு வார்த்தையின் பாதியில் அறுந்துவிடுகிறது. அன்று தீர்ந்தது நாடா இல்லை, பேட்டரி; அது தளரத் தளர நாடா மெதுவாக ஓடிப் பதிந்ததுதான் இப்போது இப்படிக் கீச்சிடுகிறது. பேட்டரி செத்ததால் தப்பிப் பிழைத்த கச்சேரி அரை நிமிஷம் மிச்சமிருக்கிறது. டிரம் மட்டும் கேட்கிறது, கூடவே கைதட்டல், மிக அருகில் பம்மியின் கூச்சல்: "ருக்னா மத்! ருக்னா மத்!" நிறுத்தாதே, நிறுத்தாதே என்கிறாள். கரண்ட் வருவதற்குள் நாடா முடிந்துவிடுகிறது.