தண்ணி எங்க நிக்குது

புதுச் செயலியைத் திறந்து கைபேசியை எதிராளியின் கையில் கொடுத்தவுடன் திரிபுரசுந்தரி ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். இனி அவர் பேசமாட்டார். எதிராளி தப்பான இடத்தில் அமுக்கட்டும், வந்த பக்கத்துக்கே திரும்பிப் போகட்டும், எரிச்சலில் கைபேசியை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பட்டும். இவர் ஏலக்காயை மென்றபடி பார்த்துக்கொண்டே இருப்பார். "வாயைத் தொறந்தா சொல்லிக் குடுத்துடுவேன். ஆத்துக்கு ஆத்து, வாசலுக்கு வாசல் போய் நான் சொல்லிக் குடுக்க முடியுமோ?" என்பது அவர் கணக்கு.

கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். அரசுச் சேவைகளைக் கைபேசிக்குக் கொண்டுவரும் ஒரு குழுவில் வேலை. அந்த வேலையை ஏசி அறையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். முடிக்கிறவர்கள் நிறையப் பேர். அரசாங்கச் செயலி என்றாலே எனக்குக் கொட்டாவி வருவதற்கு அவர்கள்தான் காரணம். இவரோ கோவிந்தாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து, யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்கள் வாசலுக்கே வந்துவிடுகிறார். நாற்காலி போட்டால் வீட்டுக்காரரை அதில் உட்காரவைத்துவிட்டுத் தான் பின்னால் நின்றுகொள்வார். முகத்துக்கு நேரே இருந்தால் மரியாதைக்காக "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவார்களாம்.

இத்தனை ஜாக்கிரதைக்காரரும் ஒருமுறை ஏமாந்தார். வாய்க்கால் தண்ணீர் சேவையில் இரண்டு பொத்தான் வைத்திருந்தார்: "வந்தது", "வரவில்லை". உழவர்கள் அமுக்குவதைப் பார்த்து அலுவலகத்தில் மதகு ஷட்டரைத் திறப்பார்கள், மூடுவார்கள். கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலில் சோதித்துப் பார்த்தபோது வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளி. எல்லா வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஷட்டர் பொறுப்பிலிருந்த பாசனப் பொறியாளர் ஷீனா மகிழ்ந்துபோய், மறுநாள் காலை அந்தக் கிளையை மூடிவிட முடிவு செய்தார். தொடக்க விழாவுக்கு அழைப்பிதழும் அடித்தாயிற்று.

அன்று நானும் திரிபுரசுந்தரியோடு, வாய்க்கால் முடிகிற கடைமடை வரை போயிருந்தேன். அங்கே அப்புசாமியின் நெல்வயல். கதிர் வெளியே வருகிற நேரம். மண்ணில் விரல் போகும் வெடிப்பு. கிளையை மூடினால் அத்தனையும் பதர்தான். அப்புசாமியோ அன்று காலைதான் "வந்தது" என்று அமுக்கியிருந்தார்.

திரிபுரசுந்தரி குனிந்து வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். "என்னண்ணா இது? சொட்டுத் தண்ணி இல்லை. வந்ததுன்னு ஏன் அமுக்கினேள்?"

"நாளைக்கு எப்படியும் வந்துருமுங்க அம்மிணி." அப்புசாமி வரப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மீதி மெதுவாக வந்தது. "தண்ணி மொதல்ல பாயற தலைமடை நம்ம சம்மந்தியோடதுங்க. எங்க பொண்ணு மௌனிகாவ அங்கதான் குடுத்திருக்கறோம். நான் வரலீன்னு அமுக்குனா, அவரு மறிச்சுக்கிட்டாருன்னு போட்டுக் குடுத்தாப்ல ஆயிருமுங்க."

அந்த வாய்க்காலில் எல்லோரும் மாமன் மச்சான்தான். ஒருவரும் "வரவில்லை"யைத் தொட்டிருக்கவில்லை.

திரிபுரசுந்தரி வரப்பில் நின்றபடியே ஷீனாவைக் கைபேசியில் கூப்பிட்டார். பச்சைப் புள்ளிகளை நம்பவேண்டாம், பொத்தான் வைத்ததில் தப்பு தன்னுடையது, கிளையை மூடாதீர்கள் என்று மலையாளத்தில் சொன்னார். விழா, அழைப்பிதழ் என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. விழாவைத் தள்ளிவைக்கலாம், கதிரைத் தள்ளிவைக்க முடியாது என்றார் இவர். ஒரு வருஷ உழைப்பைத் தன் வாயாலேயே தப்பு என்று சொல்ல என்ன நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அங்கேயே அவரைக் கும்பிடத் தோன்றியது. ஷீனா கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று தெரியாமல் ஷட்டரை எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டார்.

அப்புசாமியின் மனைவி பெரியம்மாள் அதுவரை புல் அறுத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "வந்துதா வரலியான்னா இவரு வாயே தொறக்கமாட்டாருங்க. தண்ணி எங்க நிக்குதுன்னு கேட்டுப் பாருங்க."

கேட்டார்.

"கல்பாலத்துக்கு அக்கட்டால நிக்குதுங்க, இன்னும் பாலத்தத் தாண்டலீங்க," என்றார் அப்புசாமி, துளித் தயக்கமில்லாமல்.

அன்றே பொத்தான்கள் போயின. வயல்காரர்கள் கூடிவந்து இடங்களைச் சொன்னார்கள்: கல்பாலம், ஒத்தைப்பனை, பம்ப் ரூம், கடைசி மடை. திரிபுரசுந்தரி ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். எந்தப் பக்கம் நின்று எடுப்பது என்பதில் பெரிய தகராறு. தண்ணீர் வருகிற திசையில் நின்றுதான் எடுக்கவேண்டும் என்று பெரியம்மாள் சாதித்துவிட்டார். தண்ணீர் நிற்கும் இடத்தின் படத்தைத் தொட்டால் போதும். யாரையும் குறை சொன்னதாக ஆகாது. அன்றிரவே திருத்திய செயலி வந்ததும் முதல் ஆளாகக் கல்பாலத்தைத் தொட்டவர் சம்பந்திதான். ஷீனா ஷட்டரை இன்னும் ஏற்றினார்.

மறுநாள் பகலில் எல்லோர் கைபேசியிலும் தண்ணீர் படம் படமாக நகர்ந்தது. "பம்ப் ரூம் தாண்டிருச்சுங்க அம்மிணி, இந்தாங்க," என்று அப்புசாமி திரையை நீட்டினார். திரிபுரசுந்தரி அதைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்புசாமியின் மடைக்கு நேரே, காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்றார். வெயில் ஆகாது, மேலே வாங்க என்று பெரியம்மாள் கூப்பிட்டுப் பார்த்தார். கால் நனைந்த பிறகுதான் அவர் ஏறி வந்தார்.