எழுத இயலாத காரணம்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சிதம்பரத்தை அடுத்த ஒரு காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றினேன். சங்கிலிப் பறிப்புப் புகார்கள் பெருகியமையால் காட்டுமன்னார்கோயில் சாலையில் நாள்தோறும் வாகனச் சோதனை நடத்தினோம். எங்கள் ஏட்டு முதலில் கேட்பது ஓட்டுநர் உரிமத்தை அன்று; “ஊரா, காலனியா?” என்பதையே. ஊர் என்றால் கையசைத்து அனுப்புவார். ஆதிதிராவிடர் குடியிருப்பான காலனி என்றால் பையும் சட்டைப்பையும் சோதிக்கப்படும். எந்த ஆணையிலும் இல்லாத இவ்வழக்கத்தை நானும் தடுத்ததில்லை.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஆரோக்கியராஜ் என்னும் இளைஞரை ஏட்டு நிறுத்தினார். வழக்கமான கேள்விக்கு, காலனி என்றார் அந்த இளைஞர்.

“வண்டி யாருது?”

“மச்சான் வண்டி சார். லைசென்ஸ் இருக்கு, பாருங்க.”

“மச்சான் வண்டியோ, எவன் வண்டியோ! ஆர்.சி. வரட்டும். அதுவரைக்கும் நீ எங்கயும் நகரக்கூடாது.”

“பத்து மணிக்குள்ள கடலூர்ல இருக்கணும் சார். வாத்தியார் வேலைக்கு சர்டிபிகேட் பாக்குறாங்க.”

“வாத்தியாரா? அப்ப உக்காந்து பாடம் நடத்து.”

அவர் தொலைபேசியில் அழைத்த மைத்துனர் பேருந்தில் ஆர்.சி. புத்தகத்துடன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். யாவும் சரியாக இருந்தன. ஆரோக்கியராஜ் என்னிடம் வந்தார்.

“எனக்கு முன்னாடி போனவரு லைசென்ஸே காட்டல. நீங்களும் பாத்துகிட்டுதான சார் இருந்தீங்க? லேட்டானதுக்கு ஒரு லெட்டராவது குடுங்க. அங்க காட்டிப் பாக்குறேன்.”

தாளை எடுத்து, எட்டு மணி முதல் ஒன்பதே முக்கால் வரை அவர் நிறுத்தி வைக்கப்பட்டதை எழுதினேன். அடுத்து, காரணம் எழுத வேண்டும். ஐயப்பாட்டின் பேரில் என்றெழுதினால் ஆசிரியராகச் செல்பவருக்குக் கறை. உண்மையை எழுதினால் கறை எங்களுக்கு. தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“அதெல்லாம் குடுக்குற வழக்கமில்ல தம்பி. சீக்கிரம் கெளம்புங்க.”

அவர் வண்டியை எடுத்தார்.

மறுநாள் முதல், எவரையும் சோதிக்குமுன் அதற்குரிய காரணத்தைக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுத வேண்டுமெனப் பணித்தேன்.

“அப்பிடிப் பாத்தா ஒருத்தனையும் நிறுத்த முடியாதுங்க ஐயா,” என்றார் ஏட்டு.

“முடியலன்னா நிறுத்தாதீங்க,” என்றேன்.

இத்துறைக்குப் புதிதாக வருவோர்க்கு நான் கூறுவதும் இதுவே: எழுதக் கூசும் காரணத்திற்காக எவரையும் நிறுத்தாதீர்கள். ஆரோக்கியராஜுக்கு அவ்வேலை கிடைத்ததா என்பதை நான் அறியேன். அவர் காலனி எங்கள் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவுதான். ஓய்வு பெறும்வரை நான் போய்க் கேட்கவில்லை.